வெட்டி எடுத்த வரி

ஜெல்லக்காவுக்கு யாரையும் பிடிக்காது. அதை அவள் ஒளித்து வைத்ததும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் என்று யாரையும் காட்ட முடியாது. லிஃப்டைப் பழுது பார்க்க வருகிறவர் முதல் கூடத்தின் தலைவரான பெரியவர் வரைக்கும் எல்லோருக்கும் அவளிடம் ஒரு வசவு தயாராக இருக்கும். பெரியவருக்கான வசவை மட்டும் அவர் கதவைச் சாத்திய பிறகு சொல்வாள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள்.

முதலில் அவள் வந்தது கண்ணாடிச் சாமான் கழுவ. குடுவையும் குழாயும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற வேலை. ஜெல் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டார். காத்திருந்த மாதிரிகள் கெட்டுவிடுமே என்று பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கழுவுதொட்டியை விட்டு இவள் வந்தாள். "நான் ஊத்துறேன். தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள். ஊற்றினாள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

ஜெல் ஓட்டுவது ஒன்றும் மாயவித்தை இல்லை. கடற்பாசித் தூளைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, ஒரு பக்கம் சீப்பு செருகிக் குழி விட்டு ஆறவைத்தால் கண்ணாடிப் பாளம் மாதிரி உறைந்துவிடும். குழிகளில் மாதிரியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் நீளமான துண்டுகள் மெதுவாக நகரும், குட்டையானவை முந்திக்கொண்டு கீழே ஓடும். ஊதா விளக்கில் வைத்தால் கோடு கோடாகத் தெரியும். கை நடுங்காமல், குழி கிழியாமல், பக்கத்துக் குழிக்குச் சிந்தாமல் விடவேண்டும். அங்கேதான் பட்டம் வாங்கியவர்களுக்கெல்லாம் வேர்த்துக்கொட்டும்.

ஆனால் ஜெல்லக்காவின் உண்மையான கர்வம் ஜெல்லில் இல்லை, தாள்களில் இருந்தது. ஜெல் அறைச் சுவரில் பதினோரு தாள்கள் ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று அவள் கையெழுத்தில், அவள் பேச்சில், வரி வரியாக இருக்கும். எண் போடும் பழக்கம் இல்லை. "ஐஸில் வை. ஐஸ் என்றால் ஐஸ், குளிர்ந்த தண்ணீர் இல்லை." இப்படித்தான் எழுதுவாள். புத்தகத்தைப் பார்த்துச் செய்து சொதப்பியவர்கள் கடைசியில் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஜெல்லக்கா தாள் பொய் சொல்லாது என்பதை அவளைக் கரித்துக் கொட்டுகிறவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கூடத்தில் நடந்த ஆராய்ச்சி சாவைப் பற்றியது. செல்களின் சாவு. உடம்பிலுள்ள செல் ஒவ்வொன்றுக்குள்ளும் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று பிறக்கும்போதே இருக்கிறது. கெட்டுப்போன செல் ஒழுங்காகச் செத்தால்தான் உடம்பு பிழைக்கும். சாகவேண்டியது சாகாவிட்டால் புற்று, சாகக்கூடாதது செத்தால் உறுப்பு போச்சு. இந்த வாழ்வா சாவா தீர்ப்பு இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. மரபணு என்கிற மூலத்திலிருந்து எத்தனை நகல் எடுப்பது என்பது முதல் இடம். எடுத்த நகலில் வேண்டாததை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டும்போது எந்த இடத்தில் வெட்டுவது என்பது இரண்டாவது.

இரண்டாவது இடம்தான் விவகாரமானது. அவர்கள் வைத்துக்கொண்டிருந்த மரபணு அதற்குப் பேர்போனது. ஓர் இடத்தில் வெட்டினால் நகல் நீளமாக வரும், அதிலிருந்து உண்டாகும் புரதம் செல்லைக் காப்பாற்றும். கொஞ்சம் முன்னால் தள்ளி வெட்டினால் நடுவில் ஒரு துண்டு போய்விடும், குட்டையாக வரும், அதே செல்லைச் சாகச் சொல்லும். ஒரே மரபணு, ஒரே நகல், ஒரு துண்டு இருப்பதிலும் போவதிலும் இருக்கிறது சங்கதி. மாடியில் இவற்றுக்கு நெட்டை, குட்டை என்று பேர். ஜெல்லில் நெட்டை மேலே நிற்கும், குட்டை கீழே. "மேல இருந்தா உசிரு, கீழ இருந்தா மயானம்," என்பாள் ஜெல்லக்கா. பெரியவரின் இரண்டு மணி நேரப் பிரசங்கத்தின் சாரமும் அவ்வளவுதான்.

வீட்டில் அவளுக்கு ஒரு நாத்தனார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஜெல்லக்காவின் கணவன் சிறுநீரகம் செயலிழந்து போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நல்லது என்று சொல்லிக் கொடுத்த ஒரு மருந்து இருந்த சிறுநீரகத்தையும் வாரிக்கொண்டு போனது. அவன் போன பிறகு இரண்டு அறை வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளாமல் சேர்ந்தே இருந்தார்கள். குழாயை யார் சரியாக மூடவில்லை என்பதில் தொடங்கினால், அவன் யாரால் சீக்கிரம் போனான் என்பது வரைக்கும் போவார்கள். பிறகு சேர்ந்து டீ குடிப்பார்கள்.

இந்த நிலையில்தான் புது டாக்டர் வந்தாள். முப்பத்து மூன்று வயது, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். ரத்த அணுக்களை வைத்து வேறொரு கூடத்தில் பேர் வாங்கியவள். ஒன்பது மாத ஒப்பந்தம். வந்த முதல் நாளே ஜெல் அறை வாசலில் நின்று, மூக்கைச் சுருக்கி, உடன் வந்தவரிடம் கேட்டாள்.

"இந்தக் காலத்துல யாருங்க இன்னும் கையால ஜெல் ஓட்டுறாங்க?"

உள்ளே ஜெல்லக்கா குழியில் மாதிரி விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மனசில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் சீப்பு விவகாரம். இருபது பல் சீப்பு ஒன்று, ஓரம் விரிசல் விட்டு, ஜெல்லக்கா பசை வைத்து ஒட்டிப் பதினெட்டு வருஷமாகப் பாதுகாத்தது. அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று புது டாக்டர் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். ஜெல்லக்கா கேட்கப் போனபோது, "உடைஞ்சிருந்துச்சேக்கா," என்றாள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்படியும் இத தானாப் பண்ற மெஷின் வந்தா இதெல்லாம் தேவைப்படாது. நாற்பத்தேழு மட்டும் சரியா வரட்டும், பெரியவர் வாங்கித் தரேன்னிருக்கார். அந்த ரூமை அப்புறம் குளிர்பெட்டி வைக்க எடுத்துக்கலாம்."

நாற்பத்தேழு என்பது ஒரு வேதிப்பொருள். சேதமடைந்த சிறுநீரக செல்கள் செத்துப்போகாமல் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. குட்டையாக வெட்டப்படுவதைத் தடுத்து நெட்டையாகவே வெட்டவைக்கும் என்பது கணக்கு. ஆக, விஷயம் வெட்டவெளிச்சம். நாற்பத்தேழு ஜெயித்தால் புது டாக்டர் நிரந்தரம், இயந்திரம் வரும், ஜெல் அறைக்குப் பூட்டு, ஜெல்லக்கா மறுபடி கழுவுதொட்டிக்கு. தோற்றால் ஒப்பந்தம் முடிந்து புது டாக்டர் மூட்டை கட்டவேண்டியதுதான். இருவரில் ஒருத்திதான் மிஞ்சுவாள்.

அன்று மாலை புது டாக்டர் ஜெல் அறைக்கு வந்தாள். "செல் எடுக்கிற தாள் ஒரு காப்பி வேணும்க்கா. இங்க எல்லாரும் உங்க தாள்படிதான் பண்றாங்களாமே."

"காலைல தரேன்," என்றாள் ஜெல்லக்கா.

சிறுநீரக செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. மேலே ஊட்டத் திரவம் இருக்கும். செல்களை எடுக்கும்போது முதலில் பழைய திரவத்தைக் கொட்டி, தட்டைக் கழுவி, பிறகு ஒட்டியிருப்பவற்றைப் பிரித்தெடுக்கவேண்டும். ஆனால் சாகத் தொடங்கிய செல் ஒட்டிக்கொண்டிருக்காது. உருண்டு, பிடியை விட்டு, திரவத்தில் மிதக்க ஆரம்பிக்கும். திரவத்தைக் கொட்டினால் செத்தவர்கள் அத்தனை பேரும் சாக்கடைக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் ஊரில் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் தெரியும். அதனால் ஜெல்லக்கா தன் தாளில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "கொட்டியதை எறியாதே. சுழல் கருவியில் போட்டுச் சுழற்றி, அடியில் தங்குவதை எடுத்து ஒட்டியிருந்ததோடு சேர். சாட்சி அதில்தான் இருக்கிறது."

ஒட்டி வளரும் செல்களோடு புழங்கியவர்களுக்கு இது இரண்டாம் மாதத்திலேயே கைப்பழக்கமாகிவிடும். ஆனால் ரத்த அணுக்கள் எப்போதும் மிதப்பவை. அங்கே எல்லாவற்றையும் அப்படியே சுழற்றி எடுப்பார்கள், எதையும் கொட்டுவதில்லை. மிதப்பது செத்தது என்ற எண்ணமே அந்த வேலையிலிருந்து வந்தவளுக்கு வராது. இது ஜெல்லக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு அவள் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். ஜெல்லை வெட்டுகிற பிளேடால் அந்த ஒரு வரியை மட்டும் நீளமாக வெட்டி எடுத்தாள். மேல் பாதியையும் கீழ் பாதியையும் நெருக்கி ஒரு அட்டையில் ஒட்டினாள். பிரதி எடுத்து வைத்தாள், அட்டையைச் சுவரில் மாட்டினாள். வெட்டிய துண்டை எறிய மனம் வரவில்லை. எதையும் எறிகிற ஜாதி இல்லை அவள். பேனா வைக்கும் தகர டப்பாவில் மடித்துப் போட்டாள்.

ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள் என்பதுதான் அவள் எண்ணம். கணக்கு உதைக்கும், முகம் தொங்கும், "ஏன்க்கா சரியா வரலை?" என்று வந்து நிற்பாள், அப்போது இந்தச் சீப்பையும் சேர்த்து வைத்து நாலு கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

நடந்தது வேறு. இரண்டாம் வாரம் புது டாக்டர் துள்ளிக் குதித்துக்கொண்டு நடைக்கூடத்தில் ஓடினாள். சேதப்படுத்திய செல்களில் நெட்டையும் குட்டையும் இரண்டும் தெரிந்தன. நாற்பத்தேழு சேர்த்த தட்டில் நெட்டை மட்டும் பளிச்சென்று நின்றது, குட்டையைக் காணோம். பெரியவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜெல்லக்கா அந்த ஜெல்லைப் பார்த்தாள். அதை ஓட்டியதே அவள்தான். குட்டை எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அன்றே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முதுகில் விழுந்த அந்தத் தட்டல் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அவள் முதுகை யாரும் தட்டியதில்லை. உயரப் போகட்டும், உயரத்திலிருந்து விழுந்தால்தான் சத்தம் கேட்கும் என்று கறுவிக்கொண்டாள். ஏழு மாதம் போனது. ஒவ்வொரு வாரமும் புது டாக்டர் மாதிரி கொண்டுவந்து கொடுப்பாள், ஜெல்லக்கா ஓட்டுவாள், நெட்டை மட்டும் நிற்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஜெல்லைப் பார்ப்பார்கள்.

"சுத்தமா இருக்கு இல்லக்கா?"

"நீங்க குடுத்தத நான் ஓட்டுறேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

நாற்பத்தேழை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வெளியிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். அதற்கு முந்தைய வாரம் ஜெல்லக்கா தனக்கென்று செல் வளர்த்தாள். சேதப்படுத்தி, ஒரு தட்டில் மட்டும் மருந்து சேர்த்தாள். மிதந்து வந்ததைச் சுழற்றி எடுத்தாள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செல் பிடி விட்ட நாலைந்து மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நகலெல்லாம் சிதைந்துபோகும். மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்து எடுத்தாள். மிதந்ததும் ஒட்டியிருந்ததும் சேர்த்து ஜெல் ஓட்டினாள்.

கீழே குட்டை, விரல் தடிமனுக்கு. மருந்தில்லாத தட்டைவிட இரண்டு மடங்கு. நகல்களின் மொத்த எண்ணிக்கையையும் தனியாகப் பார்த்தாள், அதில் மாற்றமில்லை. வெட்டு மட்டும் மாறியிருந்தது. நாற்பத்தேழு யாரையும் காப்பாற்றவில்லை. மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தவற்றை வேகமாகக் கொன்று கீழே தள்ளியிருந்தது. தட்டில் ஒட்டியிருந்தது தப்பிப் பிழைத்த கொஞ்சம்.

ஊதா விளக்குக்கு முன்னால் நின்று அவள் சிரித்தாள். அந்த மாடியில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

கூட்டத்தில் புது டாக்டர் அருமையாகப் பேசினாள். வந்தவர்கள் தலையாட்டினார்கள். "கேள்வி ஏதாவது?" என்று பெரியவர் கேட்டதும், கடைசி வரிசையில் டீத் தட்டோடு நிற்கவேண்டிய ஜெல்லக்கா முன்னால் வந்து, தான் ஓட்டிய ஜெல்லின் படத்தை மேசையில் வைத்தாள்.

"இதையும் ஒரு தடவை பாத்துருங்க."

பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புது டாக்டர் மட்டும் அருகில் வந்து, விரலை அந்தக் கீழ்க்கோட்டுக்கு மேலே வைத்துக் கேட்டாள்.

"இது எதுலேர்ந்து எடுத்தது?"

"மிதந்ததுலேர்ந்து. நீங்க கொட்டுனீங்களே, அதுலேர்ந்து."

பெரியவர் ஜெல்லக்காவைப் பார்த்தார். "மிதக்குறத எடுக்கணும்னு உங்க தாள்ல இருக்காம்மா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார். அதான் எழுதலை," என்றாள். தன் தாளைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது.

"தாள் மேல தப்பில்ல சார்," என்றாள் புது டாக்டர். குரல் உடையவில்லை, காய்ந்துபோயிருந்தது. "தட்டுல செல் குறைஞ்சிருக்கிறத நானே பாத்தேன். கழுவுறப்போ போயிருக்கும்னு நினைச்சேன். எல்லாக் குழிக்கும் ஒரே அளவு விட்டதால ஜெல்லுல தெரியலை. நான் யோசிச்சிருக்கணும். தப்பு என்னோடது."

கூட்டம் கலைந்தது. நாற்பத்தேழு அன்றோடு முடிந்தது. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தமும் முடிகிறது, நீட்டிப்பதற்கில்லை என்று பெரியவர் அப்போதே சொல்லிவிட்டார்.

ஜெல்லக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே நாத்தனாரிடம் ஆரம்பித்தாள். வரியை வெட்டியதைத் தவிர ஒன்று விடாமல் சொன்னாள், வாயெல்லாம் பல்லாக. "எல்லார் முன்னாடியும் மூஞ்சில கரியப் பூசிட்டேன். மருந்தும் போச்சு, மெஷினும் போச்சு, மகாராணியும் போறா."

நாத்தனார் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். முப்பது வருஷம் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து, கதை சொல்கிறவர்களைப் பார்த்தவள்.

"ஒண்ணு கேக்கவா அண்ணி? மிதக்குறத எடுக்கணும்னு நீங்கதான் ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்கீங்களே. வீட்டுல நானே நூறு தடவை கேட்டிருக்கேன் அந்தப் பெருமைய. அவளுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"அவளுக்குக் கண்ணு இல்ல."

"அப்படியா." நாத்தனார் டம்ளரை வைத்தாள். "ஏழு மாசமா உங்களுக்குத் தெரியும். எங்கண்ணனுக்குக் குடுத்தாங்களே ஒரு மருந்து, அதுலயும் இப்படி ஒருத்தி தெரிஞ்சுகிட்டே வாய மூடிட்டு இருந்திருப்பா இல்ல? கூட்டம் வரட்டும், நாலு பேர் வரட்டும்னு."

"நான் சொல்லிட்டேன்ல? சரியான நேரத்துல சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க, சொன்னீங்க. அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தா?"

ஜெல்லக்கா விருட்டென்று எழுந்தாள். இவளுக்கு என்ன தெரியும், டிக்கெட் கிழித்தவளுக்கு, என்று திட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். அன்று குழாயை யார் மூடவில்லை என்று இருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஜெல் அறையில் அவளுக்கு முன்பே புது டாக்டர் இருந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். ஜெல்லக்காவின் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

"மிதக்குறத எப்படி எடுக்குறீங்கன்னு காட்டுங்க. எத்தனை வேகத்துல சுழற்றணும், எவ்வளவு நேரம். நான் எழுதிக்கிறேன். போற இடத்துல மறுபடி இதே தப்பப் பண்ணக்கூடாது."

"எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க? புத்தகத்துல இருக்கும்."

"இருக்கும்." புது டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து நீங்க பண்ணுனது வேணும்னே பண்ணுனதுன்னு எனக்குத் தெரியும். முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம், நாலு பேர் வர்ற வரைக்கும் வச்சிருந்தீங்க. உங்களுக்கு என்னப் பிடிக்காது. எனக்கும் உங்களச் சுத்தமாப் பிடிக்காது. வந்த நாள்லேர்ந்து இந்த ரூம் வாசல்ல கால் வைக்கவே எரிச்சலா இருந்துச்சு. ஆனா ஒண்ணு மட்டும் நினைச்சேன். இந்தப் பொம்பள என்ன திட்டுனாலும், எழுதி வச்சா சரியா எழுதி வச்சிருப்பான்னு. அதனாலதான் புத்தகத்தப் பாக்கலை."

ஜெல்லக்காவுக்கு வாயில் ஒரு வசவு எப்போதும் தயாராக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா. அன்று இல்லை. காட்டினாள். வேகம் சொன்னாள், நேரம் சொன்னாள், அடியில் தங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கும், குழாயின் வெளிப்பக்கத்தில் பேனாவால் முன்கூட்டியே புள்ளி வைத்துக்கொள் என்பதையும் சொன்னாள். புது டாக்டர் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லாமல் போனாள்.

பதினொரு மணிக்குப் பெரியவரின் உதவியாளர் வந்தார். தாள்களில் விடுபட்ட வரிகள் இருப்பது தெரிந்துவிட்டபடியால், சுவரிலுள்ள பதினொன்றையும் எடுத்துவிடச் சொல்கிறாராம். புத்தகத்திலுள்ளபடி தட்டச்சு செய்து வேறு ஒட்டப்போகிறார்களாம்.

"என் தாள்லயா விடுபட்டிருக்கு?" என்று சீறினாள் ஜெல்லக்கா.

"நீங்கதானேக்கா நேத்து சொன்னீங்க, எழுதலைன்னு."

அவர் போன பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு தாள். ஐஸ் என்றால் ஐஸ் என்று எழுதிய தாள். கழுவுதொட்டியிலிருந்து வந்தவள் சரியாகத்தான் எழுதுவாள் என்று, அவளைப் பிடிக்காத ஒருத்திகூட நம்பிய தாள்கள். அவளுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளுக்குப் புதிது, எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று காத்திருந்து பார்த்தாள். வந்தது, ஆனால் தன் மேலேயே வந்தது. தகர டப்பாவைக் கவிழ்த்தாள்.

பெரியவர் அறையில் புது டாக்டரும் இருந்தாள், ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. ஜெல்லக்கா கேட்காமல் உள்ளே போய், மடிப்பை நீவி, அந்தத் துண்டை மேசையில் வைத்தாள்.

"எழுதியிருந்தேன். நான்தான் வெட்டி எடுத்தேன். இவளுக்குக் குடுக்குறதுக்கு முந்தின நாள்."

பெரியவர் துண்டை எடுத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "ஏன்?"

"இவளப் பிடிக்கல."

"அவ்வளவுதானா?"

"என் சீப்பக் குப்பையில போட்டா. ரூமக் கேட்டா. முதுகுல தட்டுனீங்க." சொல்லச் சொல்ல, ஏழு மாதம் மலையாக இருந்தது அத்தனையும் அந்த மேசையில் சின்னப் பிள்ளைப் பேச்சாகக் கிடந்தது.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? இவங்க மேல இரக்கமா?"

"இப்பவும் இவளப் பிடிக்கல. தாள்ல தப்பில்ல. அத எடுக்கக் கூடாது."

புது டாக்டர் பேனாவை மூடினாள். அழப்போகிறாளோ என்று பெரியவர் பயந்துபோய்ப் பார்த்தார். அவள் அழவில்லை. "ஏழு மாசம்," என்றாள். "ஞாயித்துக்கிழமை கூட வந்தேன். ஏழு மாசமா நான் குடுக்கக் குடுக்க நீங்க ஓட்டுனீங்க. சுத்தமா இருக்கான்னு கேட்டப்ப என் மூஞ்சியப் பாக்காம ஜெல்லப் பாத்துக்கிட்டு நின்னீங்க." துண்டை எடுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, புது டாக்டருக்கு ஒப்பந்தம் நீளும் என்றும், இவள் சாவியைக் கொடுத்துவிட்டு இன்றோடு நின்றுகொள்ளலாம் என்றும், மேற்கொண்டு எழுத்தில் வரும் என்றும் சொன்னார். இருபத்தேழு வருஷத்துக்கு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தவர்போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

ஜெல்லக்கா சாவியை வைக்க ஜெல் அறைக்கு வந்தபோது புது டாக்டர் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். அட்டையைக் கழற்றாமல், ஒட்டின இடத்திலேயே பிளேடால் மறுபடி வெட்டி, கீழ்ப்பாதியை இறக்கி, நடுவில் அந்த வரியை வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிளேடு பிடிக்கத் தெரியவில்லை. வரி வலப்பக்கம் கோணலாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜெல்லக்கா போயிருக்கலாம். போக முடியவில்லை. தாளில் ஒரு வரி கோணலாக இருப்பதை அவள் என்றுமே பொறுத்ததில்லை. கை தானாக எழுந்து, அதை நிமிர்த்தி ஒட்டுவதற்காகச் சுவரை நோக்கிப் போனது.

"தொடாதீங்க," என்றாள் புது டாக்டர்.

ஜெல்லக்கா கையை எடுத்துக்கொண்டாள்.